பேச்சுக் கோளாறு: படுக்கையருகே கண்டறிவது, கேஸ் ஷீட்டில் பதிவது

"வாய் குழறுது டாக்டர்" என்று உறவினர் சொன்னதும் "ஸ்லர்டு ஸ்பீச்" என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியிடம் போவது நம் வார்டுகளில் அன்றாடம் நடக்கிறது. அந்த இரண்டு சொல்லை வைத்து அடுத்த டூட்டிக்கு வருபவர் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. சொல்லே கிடைக்காமல் தவிக்கிறாரா, சொல் கிடைத்தும் நாக்கு புரளவில்லையா, நாக்கு சரியாக இருந்தும் குரல் எழும்பவில்லையா? முதலாவது அஃபேசியா, இரண்டாவது டிஸார்த்ரியா, மூன்றாவது டிஸ்ஃபோனியா. மூன்றுக்கும் பழுதான இடம் வேறு, அவசரம் வேறு, அடுத்து செய்ய வேண்டியதும் வேறு. ஆகவே பெயர் வைப்பதைத் தள்ளிவைத்து, காதில் விழுந்ததை அப்படியே முதலில் எழுத வேண்டும்.

இங்கே சொல்வது வயது வந்தவர்களுக்குப் புதிதாக வரும் கோளாறு பற்றி. குழந்தைக்குப் பேச்சு தாமதமானால் கேட்கும் திறன் பரிசோதனையில் தொடங்க வேண்டும். அது தனிக் கதை.

முதல் ஐந்து நிமிடம்

திடீரென்று வந்த பேச்சுக் கோளாறை, வேறு என்று நிரூபணமாகும்வரை ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குளுக்கோமீட்டரில் சர்க்கரை பாருங்கள். சர்க்கரை குறைந்தால் அஃபேசியாவும் வரும், ஒரு பக்கக் கை கால் பலவீனமும் வரும். குளுக்கோஸ் ஏற்றியதும் சரியாகிவிடும்.

அடுத்தது நேரம். "எப்போ ஆரம்பிச்சது?" என்று கேட்டால், உறவினர் தான் கவனித்த நேரத்தைச் சொல்வார். நமக்கு வேண்டியது அது அல்ல. "கடைசியா நல்லாப் பேசினதை யார் பார்த்தது, எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம் என்ற கணக்கு அந்த நேரத்திலிருந்துதான் ஓடுகிறது. பெரிய ரத்தக்குழாய் அடைப்பில், தேர்ந்தெடுத்த சிலருக்குக் கட்டியைக் குழாய் வழியாக எடுக்கும் சிகிச்சை 24 மணி நேரம் வரை சாத்தியம். ஆளாளுக்கு ஒரு நேரம் சொன்னால் நோயாளியின் செல்போனை வாங்கி அழைப்புப் பட்டியலைப் பாருங்கள். காலை 6.50-க்கு மகளிடம் நாலு நிமிடம் பேசியிருந்தால், மகளுக்கே போன் போட்டு "அப்பா தெளிவாப் பேசினாரா?" என்று கேட்டுவிடலாம்.

கை கால் நன்றாக இருக்கிறது என்பதற்காக ஸ்ட்ரோக் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. மூளையின் நடுத் தமனியின் கீழ்க்கிளை மட்டும் அடைபட்டால் பலவீனமே இல்லாமல் பேச்சு மட்டும் குலையும். அந்த நோயாளி சரளமாக, பொருளில்லாமல் பேசுவார். கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். "உளறுறாரு, குடிச்சிருக்காரு போல" என்றோ மனநலப் பிரிவுக்கு என்றோ அனுப்பிவிடுகிறார்கள். இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் நோயாளிக்கு அதிக இழப்பைத் தருவது இதுவே. நாடித் துடிப்பு ஒழுங்கற்று ஓடுகிறதா என்று அப்போதே பாருங்கள். இதயத்திலிருந்து ரத்தக்கட்டி மூளைக்குப் போயிருக்கலாம்.

ஸ்ட்ரோக் அல்லாத ஆபத்து ஒன்றும் உண்டு. பேச்சு மூக்கால் வருகிறது, குடித்த தண்ணீர் மூக்கில் ஏறுகிறது, கண் இமை தொங்குகிறது என்றால் நரம்பு–தசை இணைப்பில் கோளாறு. மயஸ்தீனியாவாக (தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய்) இருக்கலாம், கிராமத்திலிருந்து விடிகாலையில் வந்தவரென்றால் கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். கட்டுவிரியன் தரையில் தூங்குபவரை இரவில் கடிக்கும், பல் தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம், வயிற்றுவலி என்று சொல்லி வருவார்கள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். 15-ஐத் தாண்டவில்லையென்றால் மூச்சுத் தசைகள் தளர்கின்றன என்று பொருள். அந்த எண்ணிக்கையை நேரத்தோடு எழுதி, ஐசியுவுக்குச் சொல்லிவிடுங்கள்.

விழுங்கும் சோதனை முடியும்வரை வாய்வழியாக எதுவும் வேண்டாம். காபியோ இளநீரோ கொடுத்துவிடுவார்கள் என்பதால் கேஸ் ஷீட்டில் எழுதினால் மட்டும் போதாது. கூட இருப்பவரிடம் நேரே சொல்ல வேண்டும்.

சோதிக்கும் முன்

"பேச்சு இழுக்குது", "நாக்கு தடிச்சுப் போச்சு", "பேச்சு நின்னு போச்சு" எல்லாம் புகார்கள்தான். நோயின் பெயர்கள் அல்ல. யாழ்ப்பாணத்தவர் "கதைக்க ஏலாமல் கிடக்கு" என்றாலும் அப்படித்தான். உறவினரை "எப்படிப் பேசினார்னு பேசிக் காட்டுங்க" என்று கேட்டால் வேண்டிய தகவல் கிடைக்கும். வரும் வழியில் பேச்சு திரும்பிவிட்டவருக்கு, உறவினர் பேசிக் காட்டியதும் போனில் எடுத்த வீடியோவும்தான் நமக்கிருக்கும் ஆதாரம்.

காது கேட்கிறதா, செயற்கைப் பல்செட்டைக் கழற்றி வைத்திருக்கிறாரா, வாயில் வெற்றிலையோ புகையிலையோ இருக்கிறதா என்று பாருங்கள். வாயை எவ்வளவு திறக்க முடிகிறது என்பதும் முக்கியம். பாக்கு மெல்லுபவர்களுக்கு வாயின் உட்சவ்வு இறுகி, அவருடைய மூன்று விரலைச் செங்குத்தாக உள்ளே விட முடியாது. அந்தப் பேச்சு தெளிவில்லாமல்தான் இருக்கும். அதற்கு மூளையைத் தேடவேண்டியதில்லை. ஆனால் அதே ஆளுக்கு ஸ்ட்ரோக்கும் வரலாம் என்பதால் "பழைய பேச்சு எப்படி இருந்தது?" என்ற கேள்வியை விடாதீர்கள்.

வீட்டில் பேசும் மொழியைக் கேளுங்கள். மதுரையில் சௌராஷ்டிரம், கோவையில் தெலுங்கோ கன்னடமோ, ஆம்பூரில் உருது பேசுபவர் நம்மிடம் தமிழில் திணறினால் அது நோயல்ல. வீட்டு மொழி தெரிந்த உறவினரை வைத்து இரண்டு மொழியிலும் சோதித்து, இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

எந்தக் கை என்று கேட்கும்போது எழுதும் கையையும் சாப்பிடும் கையையும் நம்ப வேண்டாம். நம் வீடுகளில் இடக்கைப் பிள்ளையை அடித்தாவது வலக்கைக்கு மாற்றிவிடுவார்கள். கல்லெறிவது, அரிவாள் பிடிப்பது, விளக்குமாறு பிடிப்பது எந்தக் கை என்று கேளுங்கள். வலக்கைக்காரர்களில் 95 சதவீதத்துக்கும் மேலானோருக்கு மொழி இடது மூளையில். இடக்கைக்காரர்களிலும் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்கு அப்படியே.

கடைசியாகக் கவனம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். தூங்கி விழுகிறார், நடுவில் வேறெங்கோ போய்விடுகிறார் என்றால் அது டெலிரியம், அதாவது திடீர் மனக்குழப்பம். அந்த நிலையில் எடுத்த மொழிச் சோதனை மதிப்பற்றது. பேச்சே வராதவரிடம் இது செல்லாது. கண்ணைப் பார்த்து நிலையாக இருக்கிறாரா, சைகையைத் தொடர்கிறாரா என்று பாருங்கள்.

மொழியைச் சோதிப்பது

எல்லாவற்றையும் பேச்சுத் தமிழில் கேளுங்கள். "தங்கள் கண்களை மூடவும்" என்று புத்தகத் தமிழில் சொன்னால் படிக்காத முதியவர் விழிப்பார். பழி அஃபேசியா மேல் விழும்.

முதலில் தானாகப் பேசவிடுங்கள். "என்ன செய்யுது?" என்றால் ஒரு சொல்லில் முடித்துவிடுவார். "இட்லிக்கு மாவு எப்படி அரைப்பீங்க?", "நாத்து நடுறதுக்கு முன்னாடி வயல்ல என்னென்ன வேலை?" என்று அவருக்குக் கைவந்த வேலையைக் கேளுங்கள். இரண்டு நிமிடம் குறுக்கிடாமல் கேட்டு, முதல் மூன்று வாக்கியத்தைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட் ஆங்கிலத்தில் இருக்கட்டும்; நோயாளியின் பேச்சு மட்டும் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மாற்றிய நொடியே அதில் இருந்த தடயம் போய்விடும்.

அந்தத் தடயம் பெரும்பாலும் சொல்லின் வாலில் இருக்கிறது. "நான்... கடை... அரிசி... அரிசி" என்பவர் "கடைக்கு" என்பதில் "க்கு"வையும், "வாங்கினேன்" என்ற வினையையும் விட்டுவிட்டார். சரளமற்ற அஃபேசியாவில் வேற்றுமை உருபும் வினைமுற்றும்தான் முதலில் உதிரும். ஆனால் "போனேன். இல்ல. வந்துட்டேன்" என்பது எழுவாய் இல்லாவிட்டாலும் முழுத் தமிழ். "அவர் வாத்தியார்" என்பதில் வினை இல்லை; அதுவும் முழு வாக்கியமே. ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் அளவுகோலை வைத்து இவற்றைத் தந்தி நடை என்று குறித்துவிடக் கூடாது.

மறுபக்கம், "அதாங்க, அதை அங்க போட்டு எடுத்துக்கிட்டு அந்தக் கிருமட்டு வந்துச்சுல்ல, அதை நான் சொல்லி வச்சேன்ல" என்பதில் உருபும் வினையும் ஓசையும் கச்சிதம். உள்ளே பொருள்தான் இல்லை. "கிருமட்டு" என்ற இல்லாத சொல்லைக் காதில் விழுந்தபடியே எழுதுங்கள்.

புரிதலைச் சோதிக்கும்போது உங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். "நாக்கை நீட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே நாமும் நீட்டிவிடுவோம்; நோயாளி பார்த்துச் செய்வார்; "கட்டளைகளைப் புரிந்துகொள்கிறார்" என்று எழுதப்பட்டுவிடும். கண்ணை மூடுவது, வாயைத் திறப்பது போன்றவற்றைக் கடுமையான வெர்னிக்கே நோயாளியும் (சரளமாகப் பேசியும், கேட்பது புரியாத வகை அஃபேசியா) செய்துவிடக்கூடும். அதனால் "வலது கையால இடது காதைத் தொடுங்க", "பேனாவை எடுத்து சாவி மேல வச்சிட்டு, டம்ளரை எங்கிட்ட குடுங்க" வரை போக வேண்டும். பிறகு, "சிங்கத்தைப் புலி கொன்னுடுச்சு. செத்தது எது?" என்று கேளுங்கள். முதலில் வரும் பெயர்தான் செய்தது என்று எடுத்துக்கொண்டு "புலி" என்பவர், "ஐ" உருபைப் பிடிக்கவில்லை. அன்றாடப் பேச்சில் தெரியாத லேசான குறை இதில் வெளிப்படும்.

ஆம்–இல்லை கேள்விகள் குறைந்தது ஆறாவது வேண்டும். நாலில் இரண்டு சரி என்பது குருட்டாம்போக்கிலும் வரும். "மாடு பறக்குமா?", "இது ஆஸ்பத்திரியா?" என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். தலையாட்டலை நம்பாதீர்கள். நாம் பக்கவாட்டில் ஆட்டுவது "சரி"யா "இல்லை"யா என்று நமக்குள்ளேயே குழம்புவோம். "ஆமான்னா கண்ணை மூடுங்க, இல்லைன்னா என் கையை அழுத்துங்க" என்று முன்பே ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள், அதையும் பதியுங்கள்.

திரும்பச் சொல்ல வைக்க, "மழை", "வாழைப்பழம்" என்ற சொற்களில் தொடங்கி "மழை பெஞ்சதால பஸ் வரல", "அப்படியும் இல்ல, இப்படியும் இல்ல" வரை போங்கள். பிடித்துக்கொள்ளப் பெயர்ச்சொல்லே இல்லாத கடைசி வாக்கியத்தில்தான் பலர் தடுக்கி விழுவார்கள். ழகரத்தை ளகரமாகச் சொன்னால் தவறென்று குறிக்காதீர்கள். பாதித் தமிழ்நாடு அப்படித்தான் பேசுகிறது.

பெயர் சொல்ல ஆறு பொருள், நாலு உறுப்பு போதும்: பேனா, சாவி, வாட்ச், சீப்பு, டம்ளர், கண்ணாடி, மணிக்கட்டு, முழங்கை, கண் இமை, காது மடல். "வாட்ச்" என்றாலும் "கடிகாரம்" என்றாலும் சரி. எளிய பெயரை எல்லாம் சொல்லிவிட்டு "மணிக்கட்டு"க்கு "கை... இது... கை" என்று நிற்பவருக்கு லேசான அனோமியா (பெயர் கிடைக்காத குறை) இருக்கிறது. தவறை வகை பிரித்து எழுதுங்கள். சாவிக்குத் "தாவி" என்றால் ஒலி பிசகு, "பூட்டு" என்றால் பொருள் பிசகு, "கதவு திறக்கிறது, அதான்" என்றால் சுற்றி வளைத்தல். முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தால் வருகிறதா என்றும் பாருங்கள்.

வாசிப்பையும் எழுத்தையும் படிப்பைக் கேட்ட பிறகே சோதியுங்கள். கையெழுத்துப் போடுவதை எழுத்தாக எண்ணக் கூடாது. அது கை பழகிய கோடு. ஒரு வாக்கியம் தானாக எழுதச் சொல்லுங்கள். பேச்சே வராதவர் பிழையில்லாமல் எழுதினால் மொழி உள்ளே பத்திரமாக இருக்கிறது. கோளாறு பேச்சை வெளியே கொண்டுவருவதில்தான். எழுத்திலும் அதே பிசகு வந்தால் அஃபேசியா. ஒன்று முதல் பத்து வரையோ கிழமைகளையோ மடமடவென்று சொல்லிவிட்டார் என்பதற்காகப் பேச்சு நன்றாக இருக்கிறது என்று எழுதவும் கூடாது. பழகிய வரிசை கடுமையான அஃபேசியாவிலும் தப்பிப் பிழைக்கும்.

சரளம், புரிதல், திரும்பச் சொல்லல் மூன்றையும் வைத்துத்தான் வகை பிரிக்கிறோம். சரளமில்லை, புரிகிறது, திரும்பச் சொல்ல வரவில்லை என்றால் பிரோக்கா. சரளம் உண்டு, புரியவில்லை, திரும்பச் சொல்லவும் இல்லை என்றால் வெர்னிக்கே. சரளமும் புரிதலும் இருந்து திரும்பச் சொல்வது மட்டும் உடைந்தால் கண்டக்‌ஷன். மூன்றும் இல்லையென்றால் குளோபல். மூன்றும் இருந்து பெயர் மட்டும் வராவிட்டால் அனோமிக். திரும்பச் சொல்வது மட்டும் வியக்கும்படி தப்பியிருந்தால் டிரான்ஸ்கார்ட்டிகல் வகைகள். முதல் நாளில் பலர் எந்தக் கட்டத்திலும் அடங்கமாட்டார்கள். அப்போது வகையைத் திணிக்காமல் மூன்று கண்டுபிடிப்பையும் எழுதினால் போதும்.

உச்சரிப்பும் குரலும்

டிஸார்த்ரியாவுக்கு "பா-பா-பா" உதட்டையும், "தா-தா-தா" நாக்கு நுனியையும், "கா-கா-கா" நாக்கின் பின்பகுதியையும் அண்ணத்தையும் காட்டும். ஒவ்வொன்றையும் ஐந்து விநாடி, முடிந்த வேகத்தில். வயது வந்தவர் விநாடிக்கு ஐந்து, ஆறு முறை சொல்வார். பிறகு "பா-தா-கா" சேர்த்து. வேகம் குறைவாக ஆனால் சீராக இருந்தால் ஸ்பாஸ்டிக் (தசை விறைப்பு) பக்கம் யோசியுங்கள். தாளம் தப்பி, ஒன்று உரக்க ஒன்று மெல்ல வந்தால் சிறுமூளை. வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுபவர் என்றால் மருந்தின் அளவு ஏறியிருக்கிறதா என்று கண்மணி தானாக ஆடுவதையும் நடையையும் பாருங்கள். மெல்லிய, ஏற்ற இறக்கமற்ற, போகப் போகத் தேய்ந்து விரையும் பேச்சு பார்க்கின்சனில் வருவது. 50 வரை உரக்க எண்ணும்போது 30-க்கு மேல் குரல் மங்கி மூக்கால் வரத் தொடங்கினால் மயஸ்தீனியா.

மூக்குப் பேச்சை உறுதிசெய்யத் தமிழில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. "தாத்தா காப்பி கேட்டார்" என்ற வாக்கியத்தில் மெல்லின எழுத்தே இல்லை. இதைச் சொல்லவைத்து, நடுவில் நோயாளியின் மூக்கைப் பிடியுங்கள். அண்ணம் சரியாக மூடினால் ஓசை மாறாது; மாறினால் காற்று மூக்கில் கசிகிறது. "மாமாவும் மாமியும்" என்றால் எல்லோருக்கும் மாறும். மூக்கடைப்பில் இதுவே தலைகீழ்: மூக்கைப் பிடித்தாலும் "மாமா" மாறாது.

தசையில் பலவீனம் இல்லாமலே, பேச்சுக்கான வாயசைவை மூளை ஒழுங்குபடுத்த முடியாமல் போவது அப்ராக்சியா. அதை டிஸார்த்ரியாவிலிருந்து பிரிப்பது ஒழுங்கின்மை. டிஸார்த்ரியாவில் ஒரே தவறு ஒரே மாதிரி திரும்ப வரும். அப்ராக்சியாவில் "வாழைப்பழம்" ஐந்து முறை சொன்னால் ஐந்து விதம். உதடும் நாக்கும் இடம் தேடி அலையும். தானாக வரும் வணக்கமும் வசவும் சுத்தமாக வரும்.

குரலுக்கு, ஆழ மூச்சிழுத்து "ஆ" என்று முடிந்தவரை இழுக்கச் சொல்லி விநாடி பாருங்கள். மூன்று முறையில் அதிகமானதை எழுதுங்கள். 10-க்குக் கீழ் என்றால் குறைவு. இருமச் சொல்லுங்கள்: வெடிப்பில்லாமல் மாடு செருமுவதுபோல் வந்தால் குரல்நாண் மூடவில்லை. மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் குரல் கட்டியிருந்தால், முக்கியமாகப் புகைபிடிப்பவருக்கு, தொண்டைக்குள் கருவி விட்டுப் பார்க்க அனுப்புங்கள். இன்னொரு ஆன்டிபயாட்டிக் எழுதி நாளைக் கடத்தாதீர்கள். இடது குரல்நாண் அசையாவிட்டால் மார்பையும் படம் எடுக்க வேண்டும். அதன் நரம்பு மார்புக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவைச் சுற்றித்தான் மேலேறுகிறது.

எழுதுவது

கண்டதை முதலில், கருத்தைக் கடைசியில். நல்ல பதிவு இப்படி இருக்கும்:

"காலை 8.40. விழிப்பு, கவனம் நிலைக்கிறது. தமிழ், 8-ஆம் வகுப்பு, வலக்கை. கடைசியாக நன்றாகப் பேசியது 6.50 (மகளிடம் போனில், அழைப்புப் பதிவு பார்த்தேன்). சர்க்கரை 132. தானாகப் பேச்சு: மூச்சுக்கு 1–2 சொல், திணறல், 'நான்... டீ... டீ... கீழ'. கட்டளை: ஒன்று 3/3, இரண்டு சேர்ந்தது 2/3. ஆம்–இல்லை 6/6, கண் மூடிக் காட்டினார். திரும்பச் சொல்லல்: சொல் 2/3, வாக்கியம் 0/2. பெயர் 3/10, சாவிக்கு 'தாவி', முதல் எழுத்து கொடுத்ததும் 6/10. பா-தா-கா மெதுவாக, சீராக. எழுத்து சோதிக்கவில்லை, வலது கை பலவீனம். கருத்து: சரளமற்ற அஃபேசியா, பிரோக்கா வகை, லேசான டிஸார்த்ரியாவும்."

"எழுத்து சோதிக்கவில்லை" என்ற வரியைக் கவனியுங்கள். சோதிக்காததை வெற்றிடமாக விட்டால், நன்றாக இருந்தது என்றுதான் மறுநாள் வாசிப்பார்கள்.

ஸ்ட்ரோக்கின் கடுமையை அளக்கும் என்ஐஹெச்எஸ்எஸ் மதிப்பெண் போடும் இடங்களில் 9-ஆம் உருப்படி மொழி, 0 முதல் 3 வரை. 10-ஆம் உருப்படி உச்சரிப்பு, 0 முதல் 2 வரை. மூச்சுக்குழாயில் டியூப் போட்டவருக்கு உச்சரிப்பில் எண் போடக் கூடாது. சோதிக்க இயலவில்லை என்று குறித்துக் காரணம் எழுத வேண்டும். இந்த எண்கள் மேலே உள்ள பதிவுக்குத் துணை. அதற்குப் பதில் அல்ல.

மறுநாளும் அதே பத்துப் பொருளையே காட்டுங்கள். "பேச்சு முன்னேற்றம்" என்பது அபிப்பிராயம். 3/10 இன்று 6/10 என்பது தகவல். 8/10 இருந்தவர் மாலையில் 2/10 என்றால், மறுபடி சிடி ஸ்கேனுக்கு அனுப்ப அந்த எண்ணே போதும்.

குறியீட்டில், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-இல் அஃபேசியாவும் டிஸ்ஃபேசியாவும் ஆர்47.0, டிஸார்த்ரியா ஆர்47.1, அப்ராக்சியா ஆர்48.2, குரல் கட்டு ஆர்49.0, குரலே இல்லாதது ஆர்49.1. ஆர்47.01, ஆர்47.81 போல நீளும் எண்கள் அமெரிக்கப் பதிப்புக்கு உரியவை. இணையத்தில் தேடினால் அவைதான் முதலில் வரும். ஆர் வரிசை முழுக்க அறிகுறிகள். காரணம் தெரிந்ததும் மூளைத் திசு இறப்புக்கு ஐ63 முதலிடம் பெறும், ஆர் எண் துணையாக நிற்கும். மாதங்கள் கழித்து மிஞ்சிய குறைக்காக வருபவருக்கு ஐ69.

சம்மதம் வாங்கும்போது, புரிதல் குறைந்தவரின் கைநாட்டு மட்டும் போதாது. ஒரே விஷயத்தை நேராகவும் தலைகீழாகவும் கேளுங்கள்: "ஆபரேஷன் வேணுமா?", சற்றுப் பொறுத்து "ஆபரேஷன் வேணாமா?". இரண்டுக்கும் "ஆமா" என்றால் அந்தச் சம்மதம் செல்லாது. அதையும் எழுதி, முறைப்படி குடும்பத்தாரிடம் பேசுங்கள்.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் இந்த மதிப்பெண்களும் நோயாளியின் இரண்டு வாக்கியங்களும் கட்டாயம் இடம்பெற வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர் தொடங்குவது அவற்றிலிருந்துதான். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் பேச்சு–மொழிக் குறைபாடும் ஒன்று. அஃபேசியாவும் குரல்வளை அகற்றமும் அதில் பெயர் சொல்லியே வருகின்றன. நிரந்தரக் குறை 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால் பல சலுகைகளுக்கு வழி உண்டு. கை கால் நன்றாக இருப்பதால் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைத்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிடும் குடும்பங்கள் பல. டிஸ்சார்ஜ் அன்றே சொல்லி, அடுத்து வர வேண்டிய தேதியையும் பேச்சுப் பயிற்சிப் பிரிவின் அறை எண்ணையும் சுருக்கத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள்.